முன்சீப் கோர்ட்டுக்கு யார் ஆள் எடுப்பது?

(சீர்காழியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

என் தலைப்பைக் கேட்ட விழாக் குழு நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "சம்பந்தரும் அருணாசலக் கவிராயரும் இருந்த ஊரில் வந்து நீதிபதித் தேர்வைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தலைப்புக்குத் தமிழ்நாட்டில் சீர்காழியைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாயூரத்துக்குப் போகுமுன் இங்கே முன்சீப்பாக இருந்தவர்.

அவரை முதல் தமிழ் நாவலாசிரியர் என்று மட்டும் பாடப் புத்தகம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே அவர் இன்னொரு வேலையைச் செய்து முடித்திருந்தார். 1805 முதல் 1861 வரை அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றமான சென்னை சதர் அதாலத் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். யாரும் கட்டளையிட்டுச் செய்த வேலையல்ல. எந்தச் சட்டத்தால் ஆளப்படுகிறோமோ அதை வாசிக்கக்கூட முடியாத ஜனங்கள் தினமும் தன் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்த முன்சீப் ஒருவரின் பொறுக்கமுடியாமை அது. தமிழ்க் கட்சிக்காரருக்காகத் தமிழ் வக்கீல், தமிழ் நீதிபதியின் முன் இங்கிலீஷில் வாதாடும் கூத்தை நாவலிலும் அவர் விட்டுவைக்கவில்லை.

அவர் முதலில் உட்கார்ந்த நாற்காலி தரங்கம்பாடியில் இருந்தது. அங்கேயே முன்சீப்பாக இருந்த இன்னொருவர் முத்துசாமி ஐயர். தஞ்சாவூர்ச் சீமையின் ஏழைக் குடும்பத்துப் பையன். கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்து, பிளீடர் தேர்வில் முதலாவதாக வந்து, முன்சீப்பாகி, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார். ஆக, தேர்வு வைத்து ஆள் எடுப்பது நமக்குப் புதிதல்ல. 1850-களிலேயே காவிரிக் கரைக் கோர்ட்டுகளுக்குத் தேர்வு எழுதியவர்கள் வந்தார்கள். அந்தத் தேர்வு எங்கே நடந்தது, தேர்ந்தவர் யாருடைய பேச்சைக் கேட்கப் போனார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஏனென்றால் முன்சீப்புக்கு மேலே இருந்த ஜில்லா ஜட்ஜ் வேறு வழியாக வந்தவர். லண்டனில் தேர்வு எழுதி, ஐசிஎஸ் ஆகி, இன்று கலெக்டர், நாளை ஜட்ஜ் என்று மாறி மாறி அமர்ந்தவர். 1861-ம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டம் உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைந்தபட்சமாக அந்தப் பணிக்காரர்களுக்கு ஒதுக்கியது. மாவட்ட நீதிபதிகளை நாடு முழுக்க ஒரே தேர்வில் எடுக்கலாம் என்று இன்று புதுமையாகப் பேசப்படும் அகில இந்திய நீதித்துறைப் பணி ஒரு வகையில் இந்நாட்டில் ஏற்கெனவே நடந்து பார்த்த ஏற்பாடு. அவர்களில் பெரிய அறிஞர்கள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்சீப் தமிழில் கேட்டு எழுதியதை மொழிபெயர்ப்பில் படித்து அப்பீலில் திருத்தும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் அந்த ஏற்பாட்டை நாம் விட்டோம். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கீழமை நீதிமன்றங்கள் பற்றிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. இன்றைய 233 முதல் 237 வரையான உறுப்புகள் அவை. மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிப்பார். வெளியிலிருந்து வருபவர் ஏழு ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களை மாநிலத் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து உருவாக்கிய விதிகளின்படி நியமிப்பார். நியமனத்துக்குப் பிறகு பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்பு, ஒழுங்கு எல்லாம் 235-ன் கீழ் உயர் நீதிமன்றத்தின் கையில். கலெக்டரின் நிழலிலிருந்து முன்சீப்பை வெளியே கொண்டுவந்த ஏற்பாடு இது.

இதை மாற்றலாம் என்ற பேச்சு பழையது. 1958-ல் எம். சி. செதல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் தன் 14-வது அறிக்கையில் அகில இந்தியப் பணி ஒன்றைச் சொன்னது. இங்கே, ராஜமன்னார் குழு 1971-ல் நேர் எதிராக, இனிமேல் புதிய அகில இந்தியப் பணி எதையும் உருவாக்க முடியாதபடி 312-வது உறுப்பைத் திருத்த வேண்டும் என்றது. அந்தக் குழுவின் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி என்பதை நினைவில் வையுங்கள். அரசியல் மேடைப் பேச்சாளர் அல்லர். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-ன் 42-வது திருத்தம் இரண்டு வேலைகளைச் செய்தது. 312-ல் அகில இந்திய நீதித்துறைப் பணி என்ற சொற்களைச் சேர்த்தது. அத்துடன், மாநிலப் பட்டியலில் இருந்த நீதி நிர்வாகத்தைப் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. முதலாவதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறோம். இரண்டாவது போனது பலருக்குத் தெரியவே தெரியாது.

பின்னர் அந்தப் பணியைக் கேட்டு 1986-ல் சட்ட ஆணையத்தின் 116-வது அறிக்கை. 1991-ல் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பரிந்துரை. 2012-ல் செயலாளர்கள் குழுவின் ஒப்புதல். 2017-ல் தலைமை நீதிபதி கேஹர் காலத்தில் உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட மையத் தேர்வு வழக்கு; அதில் நீதிமன்றத்துக்கு உதவியவர் நம் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அர்விந்த் தாத்தார். 2018-ல் நிதி ஆயோக். 2023 நவம்பர் 26, அரசமைப்பு நாளன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. மாநிலங்களிடம் கருத்துக் கேட்டபோது ஆதரித்தவர்கள் சிலரே. உடன்படாத உயர் நீதிமன்றங்களின் வரிசையில் சென்னையும் இருந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் கேட்கும் ஒன்றில் ஏதாவது நியாயம் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நானும் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

அவர்கள் சொல்லும் முதல் காரணம் காலியிடம். நாட்டில் கீழமை நீதிமன்றங்களுக்கு ஒப்பளித்த நீதிபதி இடங்கள் 25,000-க்கு மேல். அதில் ஏறக்குறைய 5,000 காலி. டெல்லியில் ஒரே தேர்வு வைத்தால் ஆண்டுதோறும் ஆள் வருவார்கள் என்கிறார்கள்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 312-வது உறுப்பின் மூன்றாம் உட்பிரிவு, இந்த அகில இந்தியப் பணியில் மாவட்ட நீதிபதிக்குக் கீழான எந்தப் பதவியும் சேராது என்கிறது. சீர்காழியில் வாய்தாவுக்கு வருகிற விவசாயி முதலில் பார்ப்பது யாரை? முன்சீப்பை. ஜாமீனுக்கு நிற்பவன் பார்ப்பது மாஜிஸ்திரேட்டை. அந்த நாற்காலி காலியாக இருந்தால் அகில இந்தியத் தேர்வு அதைத் தொடவே தொடாது. மாவட்ட நீதிபதிப் பதவிகளிலும், 2002-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்குப்படி கால் பங்குதான் நேரடி நியமனம். மீதி கீழிருந்து வரும் உயர்வு. ஆகவே மாடியில் நாலில் ஓர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டு வீடு முழுக்க ஒழுகுவதை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கால் பங்கை அரையாக உயர்த்தினால் என்ன என்று கேட்பீர்கள். அப்போது பத்து வருடம் முன்சீப் கோர்ட்டில் வாழ்ந்து தேய்ந்தவர் மேலே போகும் வழி பாதி அடைபடும். மேலே போக வழியில்லாத வேலைக்குத் திறமையான பிள்ளைகள் ஏன் வருவார்கள்? காலியிடம் அங்கேதான் இன்னும் பெருகும்.

நம் பக்கத்து அழுக்கை மூடிவைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 2019-ல் தமிழ்நாட்டில் 31 மாவட்ட நீதிபதி இடங்களுக்கு நேரடித் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் 3,500-க்கும் மேல். முதல்நிலைத் தேர்வில் தேறியவர் ஒருவர்கூட இல்லை. வழக்கறிஞர்கள், பணியில் இருந்த நீதிபதிகள் எல்லோரும் எழுதிய தேர்வு. கேள்வித்தாள் கடுமை, தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு என்று காரணங்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் 3,500 பேரில் ஒருவரும் தேறாத தேர்வைத் தேர்வு என்று சொல்வது கஷ்டம். சிவில் நீதிபதி நியமனத்திலும் 2019-ல் 176 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அடுத்த பெரிய அறிவிப்பு 2023-ல், 245 இடங்களுக்கு. இத்தனைக்கும் மாலிக் மஸ்ஹர் சுல்தான் வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் எந்த மாதம் அறிவிப்பு, எந்த மாதம் தேர்வு, எந்த மாதம் நியமனம் என்று காலண்டரே போட்டுக் கொடுத்துவிட்டது. அதை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் டெல்லிக்காரர்கள் கேட்கவே வாயிருந்திருக்காது. மாநில உரிமை பேசுகிற நாம் இந்த இடத்தில் தலையைக் குனிந்துதான் பேச வேண்டும்.

இனி மொழி. "ஐஏஎஸ்காரர் பீகாரிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டு ஜில்லாவை ஆளவில்லையா? நீதிபதி கற்றுக்கொள்ள மாட்டாரா?" என்பது வழக்கமான பதில். கலெக்டரிடம் மனு வரும். அதைப் படித்துக் குறிப்பெழுதித் தர ஆபீஸ் முழுக்க ஆட்கள் உண்டு. சாட்சிக்கூண்டில் நிற்பவரைக் கேட்பதற்கு நீதிபதிக்கு உதவியாள் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-வது கட்டளை, 12-வது விதி, சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொள்ளும் விதத்தை நீதிபதி குறித்து வைக்கலாம் என்கிறது. அப்பீல் கோர்ட்டும் சாட்சியை நேரில் பார்த்தவர் என்பதற்காகத்தான் விசாரணை நீதிபதிக்கு ஒரு மதிப்பு வைக்கிறது. தயங்கிச் சொல்வதா, பயந்து சொல்வதா, மனப்பாடம் செய்து ஒப்பிப்பதா என்பது மொழிபெயர்ப்பில் வராது. மாவட்ட நீதிபதி என்றால் செஷன்ஸ் நீதிபதியும் அவரே. கொலை வழக்கும் மரண வாக்குமூலமும் அவர் முன்னால்தான்.

நம் வட்டார வழக்குகளைப் பாருங்கள். பத்திரத்தில் 3 மா 40 குழி என்று இருக்கும்; வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. நான்கெல்லையில் கிழக்கே வாய்க்கால் என்று இருக்கும்; அந்த வாய்க்கால் தூர்ந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வந்தவர் சுவாதீனம் தன்னுடையது என்பார். எதிரி, தன் அப்பா காலத்திலிருந்து குத்தகைச் சாகுபடி என்பார். ரசீது எங்கே என்றால், களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிட்டுப் போகிற வழக்கத்தில் ரசீது ஏது? 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் அவசரச் சட்டம், 1955-ல் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தபோதும் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்கள் உண்டு. ஏறாததற்குக் காரணம் கேட்கத் தெரிந்த நீதிபதி வேண்டும். ஆதீன நிலம், கோயில் நிலம் என்றால் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடும். இதெல்லாம் பயிற்சி அகாடமியின் ஆறு மாதப் பாடத்தில் ஏறாது.

சிவில் நீதிபதிக்கான தமிழ்நாட்டுத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள், 100 மதிப்பெண். சாட்சியத்தையும் தீர்ப்பையும் ஆவணத்தையும் இரு மொழிக்குள்ளும் கொண்டுபோகத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். 1956-ன் ஆட்சிமொழிச் சட்டமும், கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழைக் கொண்டுவந்த 1976 திருத்தமும் இருக்கும் மாநிலத்தில் அது ஓரத்துத் தாள் அல்ல.

தமிழ் தெரிந்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கீழ்வெண்மணியை மறந்துவிட்டு இந்த மண்ணில் அப்படிப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். சாட்சிகளை நேரில் கேட்ட நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970-ல் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் காகிதங்களைப் படித்து அவர்களை விடுவித்தது. விடுவித்தவர்களுக்கும் தமிழ் தெரியும். எந்த வர்க்கத்துக் கண்ணோடு சாட்சியைப் பார்க்கிறோம் என்ற கேள்வி மொழியைத் தாண்டியது.

உள்ளூர்க்காரர் என்றால் உள்ளூர்ச் சார்பும் வரும் என்ற எதிர்வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தலில் வந்து நின்று, மணமகன் தன் அடிமை என்று ஓலை காட்டிய கிழவர், வழக்கைத் தன் சொந்த ஊர்ச் சபையிலேயே நடத்திக்கொள்கிறார்! எந்தப் பிரதிவாதி வக்கீலும் முதலில் அதைத்தான் ஆட்சேபித்திருப்பார். ஆனாலும் அந்தச் சபை, படியோலை கிழிக்கப்பட்ட பின் மூல ஓலையைக் கேட்கிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சார்புக்கு மருந்து சாட்சிய முறையும் இடமாற்றமும்தான். சொந்த மாவட்டத்தில் போடுவதைத் தவிர்ப்பதும் சில வருடங்களுக்கொரு முறை மாற்றுவதும் உயர் நீதிமன்றம் இப்போதே செய்கிற காரியங்கள். கன்னியாகுமரிக்காரரைச் சீர்காழிக்கு அனுப்பினாலே போதும். கான்பூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

இட ஒதுக்கீட்டுக்கு வருகிறேன். அகில இந்தியத் தேர்வு வந்தால் தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரும் நீதித்துறைக்குள் அதிகம் வருவார்கள் என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். ஒதுக்கீடு மெலிந்த சில மாநிலங்களில் அது உண்மையாகவே பயன் தரும். அங்கே உள்ளவர்கள் அதை விரும்பினால் நாம் ஏளனம் செய்யக்கூடாது. தமிழ்நாட்டில் கணக்கு வேறு. இங்கே நியமனத்தில் 69 சதவீதம். ஒன்றிய அரசின் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. மிகவும் பிற்படுத்தப்பட்டோர், அருந்ததியர் என்று நாம் வெட்டிய உள்வாய்க்கால்கள் அங்கே கிடையாது. பழங்குடியினருக்கு அங்கே விகிதம் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் அது நாடு முழுவதுக்கும் பொதுவான போட்டி. 2024-ல் ஜவ்வாது மலைப் பழங்குடிக் குடும்பத்துப் பெண் ஒருவர், பிரசவமான சில நாளில் தேர்வெழுதி, சிவில் நீதிபதியாகத் தேர்வான செய்தி எல்லோரும் படித்ததுதான். அவர் எழுதியது மாநிலத் தேர்வு. டெல்லி கோச்சிங் சென்டரில் இரண்டு வருடம் தங்க வசதியுள்ளவர்களோடு அவரைப் போட்டியிட வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு உண்மையான கவலை கட்டுப்பாட்டில்தான். அகில இந்தியப் பணியாளரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருப்பது இன்றைய வழக்கம். நீதித்துறைப் பணிக்கும் அந்த விதி வந்தால், 235 தரும் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம் எவ்வளவு மிஞ்சும்? நாட்டின் மிகப் பெரிய வழக்காளி அரசுதான். அதன் அமைச்சகம் ஒன்றின் கோப்பில் தன் பணி வாழ்வு இருக்கிறது என்று தெரிந்த நீதிபதி, நிலம் கையகப்படுத்திய வழக்கில் அரசுக்கு எதிராக இழப்பீட்டை உயர்த்தும்போது ஒரு கணம் யோசிக்க மாட்டாரா? இந்த மாற்றத்துக்கு அரசியலமைப்புத் திருத்தம்கூட வேண்டாம். மாநிலங்களவையில் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கின் தீர்மானமும் அதன்பின் சாதாரணச் சட்டமும் போதும். கீழமை நீதிமன்ற அத்தியாயத்தையே அந்தச் சட்டம் மாற்றலாம். அதைத் திருத்தமாகக் கருத வேண்டியதில்லை என்று 312-ன் நான்காம் உட்பிரிவு வழிவிட்டிருக்கிறது.

மற்றக் கூட்டாட்சிகள் என்ன செய்கின்றன? கனடாவில் மாகாணங்களின் மேல்நிலை நீதிமன்ற நீதிபதிகளை ஒன்றிய அரசுதான் நியமிக்கிறது. 1867-ன் சட்டத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அதே சட்டம் அடுத்த வரிகளில், அந்தந்த மாகாண வழக்கறிஞர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும், கியூபெக்கின் நீதிபதி கியூபெக் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. நியமிப்பது ஒட்டாவா, ஆள் மாகாணத்து ஆள். ஜெர்மனியில் தலைகீழ். நீதிபதிக்கான தகுதி நாடு முழுக்க ஒன்றே; இரண்டு அரசுத் தேர்வு, இடையில் நடைமுறைப் பயிற்சி. நியமனம் அந்தந்த மாநிலத்துடையது. எனக்கு ஜெர்மன் வழி பிடிக்கிறது. பாடத்திட்டத்தையும் காலண்டரையும் சம்பளத்தையும் நாட்டுக்குப் பொதுவாக வையுங்கள். சம்பளத்தில் ஷெட்டி ஆணையத்துக்குப் பிறகு ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது. தேர்வையும் நியமனத்தையும் உயர் நீதிமன்றங்களிடம் விடுங்கள்.

"இளைஞர்களுக்கு மேலே போக வழியில்லை, அதற்காகவாவது வேண்டும்" என்ற கடைசி வாதத்தையும் உச்ச நீதிமன்றமே அண்மையில் பாதி கரைத்துவிட்டது. பணியில் உள்ள நீதிபதிகளும், வக்கீலாகவும் நீதிபதியாகவும் சேர்த்து ஏழு ஆண்டு ஆகியிருந்தால் மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வை எழுதலாம் என்று 2025 அக்டோபர் 9-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதே ஆண்டு மே 20-ல் உச்ச நீதிமன்றம், துறைத் தேர்வு வழியான உயர்வை மறுபடியும் 25 சதவீதம் ஆக்கியது. திறமையான முன்சீப் இனி பணிமூப்புக்காக மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. டெல்லித் தேர்வும் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த மே தீர்ப்பில் இந்த ஊர் வழக்கறிஞர்களுக்கு நேரடியாக ஒரு வேலையும் இருக்கிறது. சட்டம் படித்தவுடனே சிவில் நீதிபதித் தேர்வு எழுத இனி முடியாது. மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் வேண்டும். அதற்குச் சான்று, பத்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் கொடுத்து, அந்த ஊரின் முதன்மை நீதித்துறை அதிகாரி ஒப்பமிட்டால் செல்லும். சம்பளமில்லாத அந்த மூன்று வருடத்தை ஏழை வீட்டுப் பிள்ளை எப்படித் தாங்கும் என்ற கேள்வி இருக்கிறது. பெண்களுக்கு அது இரட்டிப்புக் கேள்வி. சீனியர்கள் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க முடியாதா? கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரவும் வாய்தா வாங்கவும் மட்டும் ஜூனியரை வைத்துக்கொண்டு, மூன்றாம் வருடக் கடைசியில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 2019-ல் நடந்தது மறுபடியும் நடக்கும். வரும் வாரமே ஒரு சின்ன உறுத்துக்கட்டளை வழக்கில் குறுக்கு விசாரணையை உங்கள் ஜூனியர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.